அகதி வைத்த கடை

கானா தேசத்தின் தலைநகரமாகிய அக்ராவிலிருந்து மேற்கே கேப் கோஸ்ட் நகரை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையின் ஓரத்தில், புடுபுராம் என்ற பெயருடைய அகதி முகாம் ஒன்று நெடுங்காலம் இருந்துவந்தது. 1989 டிசம்பர் மாதக் கடைசியில் லைபீரியாவில் மூண்ட உள்நாட்டுப் போருக்கு அஞ்சி ஓடிவந்த மக்களுக்காக அடுத்த ஆண்டில் ஏற்பட்ட அம்முகாம், கூடாரங்களும் தானிய மூட்டைகளுமாகத் தொடங்கி, நாளடைவில் நிலையான வீடுகளும், ஞாயிறுதோறும் பாட்டொலி எழும் தேவாலயங்களும், பள்ளிக்கூடங்களும், நீண்டதொரு கடைத்தெருவும் உடைய சிறு பட்டணமாகவே மாறிவிட்டது. ஒரு காலத்தில் நாற்பதினாயிரம் பேர் வரையில் அங்கே வசித்ததுண்டு. முடி திருத்துவோர், பெண்களுக்குச் சடை பின்னி அலங்கரிப்போர், தையற்காரர், சோறு சமைத்து விற்போர், தொலைபேசிச் சாவடியும் இன்டர்நெட் கடையும் நடத்துவோர் ஆகிய பலரும் நிறைந்திருந்த அத்தெருவைப் பார்த்துவிட்டுச் சென்றவர்கள், நாட்டை இழந்து வந்தவர்களிடம் இத்தனை ஊக்கமா என்று வியந்தார்கள்.

அந்த வியப்பு விரைவிலேயே ஒரு கொள்கையாக உருவெடுத்தது. லைபீரியாவில் 1997-ஆம் ஆண்டு தேர்தல் நடந்து, இனிச் சமாதானம் நிலைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்ட வேளையில், ஐக்கிய நாடுகள் சபையின் அகதிகள் உயர் ஆணையர் அலுவலகம் புடுபுராமுக்கு அளித்துவந்த உதவியைப் படிப்படியாகக் குறைத்து, 2000-ஆம் ஆண்டுவாக்கில் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. எதிர்பார்த்த சமாதானம் நிலைக்கவில்லை. மீண்டும் மூண்ட போர் 2003 வரை நீடித்தது. ஆனால் உதவி நின்ற பிறகும் முகாம் கலைந்துவிடவில்லை, கடைகளும் மூடப்படவில்லை. இதைக் கண்ட அதிகாரிகள், புடுபுராம் மக்கள் பிறர் கையை எதிர்பாராமல் வாழக் கற்றுக்கொண்டவர்கள் என்றும், மற்ற முகாம்களுக்கு இது ஓர் உதாரணம் என்றும் பாராட்டிப் பேசினார்கள். பாராட்டு எப்போதுமே செலவில்லாத காரியம். இங்கே அது செலவைக் குறைக்கும் காரியமாகவும் அமைந்துவிட்டது.

இந்தப் பாராட்டு எவ்வளவு தூரம் உண்மை என்று பரீட்சித்துப் பார்க்க விரும்பி, நவோஹிக்கோ ஒமாட்டா என்னும் ஜப்பானிய மாணவர், லண்டன் சர்வகலாசாலையின் கீழ்த்திசை மற்றும் ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் டாக்டர் பட்டத்துக்கான தம் ஆராய்ச்சியின் பொருட்டு, 2008-ஆம் ஆண்டில் அம்முகாமுக்குச் சென்று தங்கினார். அவர் கேட்ட கேள்வி ஒரு மளிகைக் கடைக்காரர் இரவில் கல்லாவை எண்ணும்போது தம்மையே கேட்டுக்கொள்ளும் கேள்விதான்: இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? முடி திருத்துபவருக்குப் பணம் கொடுப்பவர் யார்? அவருக்கு அது எப்படிக் கிடைத்தது? சோற்றுக்கடைக்கு வருகிறவர் எந்த வேலையில் சம்பாதித்துவிட்டு வருகிறார்? இவ்வாறு ஒரு காசின் வழியைப் பின்பற்றிக்கொண்டே, குடும்பங்களின் வரவு செலவை விசாரித்துக்கொண்டே சென்றவருக்கு, அந்த வழி பெரும்பாலும் முகாமின் எல்லையைத் தாண்டி, கடலையும் தாண்டி, அமெரிக்காவில் போய் முடிந்தது.

அங்கே குடியேறிவிட்ட அண்ணனோ, அத்தையோ, திருச்சபைத் தோழரோ வெஸ்டர்ன் யூனியன் மூலமாக அனுப்பிய டாலர்தான் புடுபுராமின் கடைத்தெருவைத் தாங்கி நின்ற தூண். பணம் வரப்பெற்ற குடும்பங்கள் செலவு செய்தன; அந்தச் செலவை நம்பி மற்றவர்கள் கடை வைத்தார்கள். வெளிநாட்டில் உறவினர் இல்லாதவர்களுக்கோ, தலையில் சுமந்து குளிர்ந்த தண்ணீர் விற்பதும், துணி வெளுத்துக் கொடுப்பதும் போன்ற, முதல் வேண்டாத தொழில்களே வாய்த்தன. முதல் வேண்டாத தொழிலுக்கு எல்லோரும் வருவார்களாகையால், போட்டி மிகுந்து, லாபம் என்று சொல்லத்தக்கது எதுவும் மிஞ்சவில்லை. அவர்கள் உயிர் வாழ்ந்தது கைம்மாற்றாலும், கடனாலும், அண்டை வீட்டார் பகிர்ந்துகொண்ட ஒருவேளைச் சோற்றாலும் ஆகும். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தொழில் முயற்சியாகத் தெரிந்தது, உள்ளே சென்று கணக்குப் பார்த்தவருக்குத் தானமும் கடனும் பின்னிய ஒரு வலையாகத் தெரிந்தது.

ஒமாட்டாவின் ஆராய்ச்சி பிறகு விரிவாக்கப்பட்டு 2017-இல் ‘சுயசார்பு என்னும் கட்டுக்கதை’ என்ற பொருள்படும் தலைப்புடன் நூலாக வெளிவந்தது. அதில் என்னை மிகவும் சிந்திக்க வைத்த பகுதி, யாருக்குப் பணம் வந்தது என்ற விசாரணையே. லைபீரியா, அமெரிக்காவில் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பு மக்கள் வந்து குடியேறி 1847-இல் குடியரசாக அறிவித்துக்கொண்ட நாடு. அவர்களுடைய சந்ததியாரே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அங்கே அதிகாரமும் கல்வியும் செல்வமும் படைத்தவர்களாக இருந்தார்கள். போருக்கு முன்பே படிப்பும் வசதியும் பெற்று, அமெரிக்காவோடு தொடர்பும் வைத்திருந்த குடும்பங்களுக்குத்தான் போருக்குப் பின்பும் அங்கிருந்து பணம் வந்தது. ஊரில் ஏழையாக இருந்தவர் முகாமிலும் ஏழையாகவே இருந்தார். எல்லாவற்றையும் இழந்து வந்தவர்கள் எல்லோரும் சமம் என்று நாம் நினைப்பதுண்டு, அது தவறு. வீடு எரிந்துபோகலாம், நிலம் பறிபோகலாம். ஆனால் யாரைத் தெரியும், எந்த மாமன் எந்த நாட்டில் இருக்கிறான் என்ற செல்வம் எல்லையைக் கடந்து கூடவே வந்துவிடுகிறது. அந்தச் செல்வம் இல்லாதவனின் வறுமையும் அப்படியே கூட வந்துவிடுகிறது.

2008-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இம்முகாமைச் சேர்ந்த பெண்கள் திறந்தவெளியில் அமர்ந்து வாரக்கணக்கில் அறப்போராட்டம் நடத்தினார்கள். தங்களை வேறொரு நாட்டில் குடியமர்த்த வேண்டும், அல்லது சொந்த நாட்டுக்குத் திரும்பி வாழ்க்கையைத் தொடங்க ஆளுக்கு ஆயிரம் டாலர் தர வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. கானா சர்க்கார் மார்ச்சு மாதத்தில் பெண்களும் குழந்தைகளுமாக அறுநூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கைது செய்து கொண்டுபோயிற்று. சுயசார்புக்கு உதாரணமாகக் காட்டப்பட்ட ஊரின் தாய்மார்கள், இங்கே பிழைக்க முடியவில்லை என்று சொல்லித் திறந்தவெளியில் உட்கார்ந்தார்கள் என்பதைக் காட்டிலும், அந்தப் பாராட்டுக்கு நேரான மறுப்பு வேறென்ன வேண்டும்?

அகதிகளின் ஜீவனோபாயத்தைப் பற்றிய ஆராய்ச்சி சர்வகலாசாலைகளில் தனியொரு துறையாக இடம்பெற்றது அவ்வளவு பழைய விஷயமன்று. பார்பரா ஹாரல்-பாண்ட் என்னும் மானிடவியல் அறிஞர் ஆக்ஸ்போர்டில் 1982-ஆம் ஆண்டு இதற்கென ஓர் ஆய்வு நிலையத்தைத் தொடங்கினார்; தெற்குச் சூடானில் தஞ்சம் புகுந்த உகாண்டா மக்களிடையே தங்கி ஆராய்ந்து, உதவி என்பது கொடுக்கப்படுவதைக் காட்டிலும் மேலிருந்து திணிக்கப்படுவதாகவே இருக்கிறது என்று 1986-இல் அவர் எழுதிய நூல், உதவி ஸ்தாபனங்களைச் சேர்ந்தவர்களுக்கு மிகுந்த கோபத்தை உண்டாக்கியது. அமெரிக்காவிலோ, கியூபாவிலிருந்து மயாமிக்கு ஓடிவந்தவர்களின் வியாபார வளர்ச்சியும், கலிபோர்னியாவில் குடியேறிய வியட்நாமியர், சோவியத் யூதர் ஆகியோரின் சிறு கடைகளும் ஆராய்ச்சிப் பொருளாயின.

இத்துறையில் தேர்ந்தவர்கள் வற்புறுத்தும் ஒரு பேதம் உண்டு. பிழைப்புக்காகக் குடிபெயர்பவனையும் உயிருக்கு அஞ்சி ஓடிவருபவனையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக்கூடாது என்பதே அது. முன்னவன், போகவேண்டிய நாட்டை ஆலோசித்துத் தேர்ந்து, பாஷையைக் கொஞ்சம் பழகிக்கொண்டு, சேமிப்பை எடுத்துக்கொண்டு, முன்பே போன சித்தப்பாவின் விலாசத்தையும் வைத்துக்கொண்டு புறப்படுகிறான். கடைக்குச் சரக்கோ ஆளோ தேவைப்பட்டால் ஊருக்குப் போய் அழைத்துவருகிறான். பின்னவனுக்கு இவற்றில் ஒன்றுமே இல்லை. புறப்பட வேண்டிய நாளை அவன் தீர்மானிக்கவில்லை. கைமுதல் வீட்டிலே கிடக்கிறது. பட்டச் சான்றிதழ் எரிந்துவிட்டது. ஊருக்குத் திரும்பிப்போய்ச் சரக்கெடுக்க வழியில்லை. எத்தனை நாள் இங்கே இருக்க விடுவார்கள் என்பதும் தெரியவில்லை. பெல்ஜியத்தில் வாட்டர்ஸ், லாம்பிரெக்ட் என்னும் இருவர் நடத்திய ஆராய்ச்சியில், ஏனைய குடியேறிகளைக் காட்டிலும் அகதிகளே சுயதொழிலில் குறைவாக இருந்தார்கள் என்று தெரியவந்தது. விருப்பம் இல்லாமையால் அவ்வாறு நேரவில்லை. சட்டங்களின் சிக்கலும், கடன் கொடுப்பார் இல்லாமையும், உள்ளூர்ச் சந்தையை அறியாமையுமே காரணம் என்று அவர்கள் எழுதினார்கள்.

அப்படியானால் அகதி வியாபாரி தலையெடுத்த இடங்கள் எவை, அங்கே என்ன இருந்தது என்று கேட்பது நியாயம். பக்கத்துப் பக்கத்து நாடுகளாகிய உகாண்டாவையும் கென்யாவையும் ஒப்புநோக்கினால் விடை ஓரளவு தெளிவாகும். உகாண்டாவின் 2006-ஆம் ஆண்டு அகதிகள் சட்டம், தஞ்சம் புகுந்தவர்கள் வேலை செய்யவும், தொழில் நடத்தவும், நாட்டுக்குள் நடமாடவும் உரிமை வழங்குகிறது. குடியிருப்புகளில் வசிப்போருக்குப் பயிரிடச் சிறிது நிலமும் ஒதுக்கப்படுகிறது. கென்யாவிலோ, வெகுகாலமாக, அகதி என்றால் வடமேற்கில் காக்குமா, கிழக்கில் தாதாப் என்னும் முகாம்களுக்குள் இருக்க வேண்டியவர். வெளியே செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும்.

ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த அலெக்சாண்டர் பெட்ஸ் தலைமையில், முன்னே சொன்ன ஒமாட்டாவும் சேர்ந்து உகாண்டாவில் நடத்திய ஆராய்ச்சியின் முடிவுகள் 2014-இல் வெளியாயின. அகதிகளுக்கே பயிற்சி அளித்து, அவர்களைக் கொண்டே 1,500-க்கும் மேற்பட்டவர்களிடம் விவரம் சேகரித்தார்கள். கம்பாலா நகரத்து அகதிகளுள் நூற்றுக்கு 21 பேர் பிறருக்கு வேலை கொடுக்கும் தொழிலை நடத்துகிறார்கள் என்றும், அவ்வாறு வேலை பெற்றவர்களுள் நூற்றுக்கு 40 பேர் உகாண்டாவின் சொந்தக் குடிகளே என்றும் அதில் கண்டிருந்தது. அகதி வந்தால் உள்ளூரான் வேலை போய்விடும் என்று எல்லா நாட்டிலும் எழும் கூக்குரலுக்கு இந்த ஒரு புள்ளிவிவரம் தக்க பதிலாக விளங்கிற்று. ஆயினும் உகாண்டாவையும் அளவுக்கு மீறிப் புகழ்வதற்கில்லை. பதினைந்து லட்சத்துக்கு மேற்பட்ட அகதிகள் வந்து சேர்ந்துவிட்ட அந்நாட்டில், ஒதுக்கப்படும் நிலத்துண்டு வரவரச் சிறுத்து, வெளிநாட்டுப் பண உதவி குறைந்து, ரேஷன் அளவும் குறைந்துவருகிறது. நடமாடும் உரிமை நல்லது. ஆனால் அந்த உரிமையை உண்டு பசியாற முடியாது.

கென்யாவின் கதை இன்னும் விசித்திரமானது. முகாமில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேயே, தலைநகர் நைரோபியின் ஈஸ்ட்லி என்ற பகுதி, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கே பெரிய சந்தையாக எழுந்து நின்றது. ஆங்கிலேயர் காலத்தில் இந்தியர் பலர் வசித்த அமைதியான குடியிருப்பு அது. பின்னாளில் அவர்கள் நகரின் வேறு பகுதிகளுக்குப் பெயர்ந்துவிட, சோமாலி இனத்தவர் அங்கே பெருகினார்கள். 1991-இல் சோமாலியாவில் சியாத் பாரேயின் ஆட்சி கவிழ்ந்து நாடே சிதறியபோது, ஓடிவந்தவர்களில் பலர் ஈஸ்ட்லியின் தங்கும் விடுதிகளில் அறை எடுத்துக்கொண்டார்கள். அவற்றுள் கரிஸா லாட்ஜ் என்பது சரித்திரப் பிரசித்தி பெற்றுவிட்டது. கையோடு கொண்டுவந்த துணிகளையும் சாமான்களையும் கட்டிலின்மேல் பரப்பி, பகலில் அறையையே கடையாக்கி, இரவில் அதே கட்டிலில் படுத்துறங்கினார்கள் அங்கே தங்கியவர்கள். விலை மலிவு என்ற செய்தி பரவி, வாடிக்கைக்காரர் வந்து குவியவே, படுக்கைகளை வெளியேற்றிவிட்டு விடுதி முழுவதையும் கடைகளாகத் தடுத்துவிட்டார்கள். அதைப் பார்த்து அடுத்த விடுதி, அதற்கடுத்த விடுதி என்று மாறி, பிறகு கடைகளுக்கென்றே மாடி மாடியாகக் கட்டடங்கள் எழுந்தன. துபாயிலிருந்தும் பின்னர் சீனாவிலிருந்தும் சரக்கு வந்தது. வங்கி இல்லாத இடத்தில் ஹவாலா முறையில், ஒருவர் வாக்கை ஒருவர் நம்பி, பணம் கைமாறிற்று. உகாண்டா, தான்சானியா, காங்கோ முதலிய நாடுகளின் சில்லறை வியாபாரிகள் கொள்முதலுக்கு அங்கே வந்தார்கள்.

நீல் காரியர் என்னும் மானிடவியலறிஞர் இந்த ஊரைப் பற்றி வெளியிட்ட நூலைப் படிக்கும்போது, வியாபார சாமர்த்தியத்தை மட்டும் வியந்துகொண்டிருக்க முடியவில்லை. கென்யாவின் பிரஜைகளாகவே வழிவழியாக வாழ்ந்துவந்த சோமாலிகள் அங்கே இருந்தார்கள். நிலப் பத்திரமும் லைசென்ஸும் அவர்கள் பெயரில் வாங்க முடிந்தது. அந்த நிழல் இல்லாவிட்டால், அகதியின் முதலும் முயற்சியும் வெயிலில் வாடியிருக்கும். அப்போதும் காவல்துறையின் கைநீட்டலுக்குப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. 2014 ஏப்ரலில், குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, ஆயிரக்கணக்கானவர்களை அவ்வூரிலிருந்து பிடித்துக்கொண்டுபோய் விளையாட்டரங்கில் அடைத்து வைத்தார்கள். கட்டடம் ஆறு மாடி உயர்ந்திருக்கலாம். அதன் அஸ்திவாரத்தில் சட்டம் இல்லை.

காக்குமாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் 2018-இல் வெளியிட்ட அறிக்கை, அம்முகாமும் அதையடுத்த ஊரும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 5 கோடியே 60 லட்சம் டாலர் புழங்கும் சந்தை என்றும், அங்கே இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் இருக்கின்றன என்றும் கணக்கிட்டது. முதலீட்டாளர்களுக்கு அழைப்பு விடுக்கும் அறிக்கை அது. நல்ல நோக்கமுடையதே எனினும், நகரத்துக்குச் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டியிருக்கும் மனிதனைப் பார்த்து ‘நீ ஒரு சந்தை’ என்று சொல்வதில் சிறிது குரூரமும் கலந்திருக்கிறது.

ஆராய்ச்சி மாணவர் இத்துறையில் இறங்கும்போது சந்திக்கும் இடையூறுகளைப் பொது வாசகர்கள் அறிந்திருப்பது நல்லது. ஏனெனில் பத்திரிகைகளில் நாம் படிக்கும் அகதி வியாபாரியின் வெற்றிக் கதைகளை எவ்வளவு நம்பலாம் என்பது அதனால் விளங்கும். வருமானம் எவ்வளவு என்று கேட்டால் முகாம்வாசி தயங்குவார். அதிகம் சொன்னால் ரேஷன் அட்டை பறிபோகுமோ என்ற அச்சம், குறைவாகச் சொன்னால் உதவி கிடைக்குமோ என்ற ஆசை. கேட்க வந்தவர் மாணவரா, சர்க்கார் ஆளா, தூதரகத்தின் ஒற்றரா என்ற சந்தேகம் வேறு. இதைவிடப் பெரிய தவறு மாணவரிடமே நேரக்கூடியது. அவர் தெருவில் நடந்துசென்று திறந்திருக்கும் கடைக்காரர்களிடம் பேட்டி எடுக்கிறார். மூடிப்போன கடைக்குப் பலகை இல்லை. கடனில் மூழ்கி வேறு ஊருக்கு ஓடிப்போனவருக்கு விலாசம் இல்லை. ஆகவே ஆய்வேட்டில் ஏறுகிறவர்கள் தப்பிப் பிழைத்தவர்களே ஆகின்றனர். அவர்களை வைத்து, அகதிகள் யாவரும் பிறவி வியாபாரிகள் என்ற முடிவுக்கு வருவது எளிதாகிவிடுகிறது. ஒமாட்டா போன்றவர்களின் ஆராய்ச்சி மதிப்புடையதாவதற்குக் காரணம், கடை வைக்க முடியாதவரின் வீட்டுக்கும் அவர் போனதுதான்.

அகதிகளின் அந்தஸ்து பற்றிய 1951-ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கை, அவர்கள் கூலி வேலை செய்யும் உரிமையை 17-ஆம் ஷரத்திலும், சொந்தத் தொழில் நடத்தும் உரிமையை 18-ஆம் ஷரத்திலும், நடமாடும் உரிமையை 26-ஆம் ஷரத்திலும் கூறுகிறது. ஆப்பிரிக்க நாடுகளைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, நம் நாடு அவ்வுடன்படிக்கையில் இன்றளவும் கையெழுத்திடவில்லை என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அதற்காக, ஓடிவந்தவருக்குத் தொழில் வைத்துக்கொடுத்த அனுபவம் நமக்கு இல்லை என்பதில்லை. பிரிவினையில் வீடிழந்து வந்த வணிகர்களுக்கும் தொழிலாளருக்கும் கடன் வழங்க, 1948-ஆம் ஆண்டிலேயே சட்டமியற்றிப் புனர்வாழ்வு நிதி நிர்வாகம் ஒன்றை ஏற்படுத்தினோம். இன்று டில்லியில் செல்வர்கள் சென்று சாமான் வாங்கும் கான் மார்க்கெட், எல்லைப்புற மாகாணத்திலிருந்து வந்த அகதிகளுக்குக் கடை ஒதுக்கித் தொடங்கப்பட்டது. ஆனால் பிரிவினையில் ஓடிவந்தவர்கள் வந்த நாளிலிருந்தே பிரஜைகளாக நடத்தப்பட்டார்கள் என்பதை மறக்கலாகாது. கடன் பத்திரத்தில் கையெழுத்திடவும், கடையைத் தம் பெயரில் வைத்துக்கொள்ளவும் அவர்களுக்குத் தடை இருக்கவில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு நேரான உதாரணம் பர்மாவிலிருந்து வந்தவர்கள். 1962-இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றியபின் வியாபாரங்கள் தேசியமயமாக்கப்பட்டன. 1964-ஆம் ஆண்டில் கடைகள் பறிக்கப்பட்டு, பெரிய நோட்டுகள் செல்லாதென அறிவிக்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாக ரங்கூனிலும் மோல்மீனிலும் வாழ்ந்த தமிழர்கள் ஏறக்குறைய வெறுங்கையோடு சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். சர்க்கார் சிலருக்கு வியாபாரக் கடன் கொடுத்தது. சிலருக்குக் கூட்டுறவு நூற்பாலைகளில் வேலை கொடுத்தது. 1969-இல் கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே, இன்றைய ராஜாஜி சாலையில் தோன்றிய பர்மா பஜார், இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த அக்காலத்தில், வெளிநாட்டு வாசனைத் தைலமும் கைக்கடிகாரமும் டேப் ரெக்கார்டரும் கிடைக்கும் இடமாகப் பெயர் பெற்றது. அந்தச் சாமான்களில் பல எவ்வழியாகக் கரையேறின என்று கேட்பவர் இல்லை. அதே சாலையில்தான் சுங்க அலுவலகமும் இருக்கிறது! பக்கத்துத் தெருக்களில் அத்தோ, மொய்ங்கா என்னும் பர்மிய உணவுகளை விற்கும் தள்ளுவண்டிகள் மாலைதோறும் இன்றும் நிற்கின்றன. எல்லாருக்கும் கடை கிடைத்துவிடவில்லை என்பதற்கு மணிப்பூர் எல்லையிலுள்ள மோரே சாட்சி: இங்கே பிழைக்க முடியாமல் தரைமார்க்கமாகப் பர்மாவுக்கே திரும்பிப் போக முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, அவ்விடத்திலேயே தங்கிவிட்ட தமிழர்கள் அங்கே கோயில் கட்டி வியாபாரம் நடத்தி வாழ்கிறார்கள்.

1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து கடல் கடந்து வந்த தமிழர்களின் நிலை முற்றிலும் வேறு. பாஷை ஒன்று, சாப்பாடு ஒன்று, சாமி ஒன்று. சட்டம் மட்டும் வேறு. ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இன்னும் முகாம்களில் இருக்கிறார்கள். மாதாந்திர உதவித்தொகையும் ரேஷனும் அவர்களுக்கு உண்டு; முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்ற பெயரும், புதிய வீடுகளும் 2021 முதல் வந்தன. ஆயினும் கணக்கெடுப்பு நாளில் முகாமில் இருந்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தமும், காவல்துறையின் கியூ பிராஞ்சு என்னும் பிரிவின் கண்காணிப்பும், பிரஜாவுரிமை இல்லாமையும் சேர்ந்து, ஒருவர் எந்தத் தொழிலைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதைத் தீர்மானித்துவிட்டன. முகாம் ஆண்களில் பலர் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலைக்குப் போவதைக் கவனித்தவர்கள் உண்டு. முதல் வேண்டாத, பத்திரம் கேட்காத, நாட்கூலி கிடைக்கிற வேலை அது. பட்டம் பெற்ற இளைஞனும் அதற்கே போகிறான். அவனிடம் வியாபார சாமர்த்தியம் இல்லை என்று யாராவது சொன்னால், மேல்நாட்டு நகரங்களில் மளிகைக் கடையும் உணவகமும் நடத்தும் அவனுடைய உறவினர்களைச் சுட்டிக்காட்டுவேன். ஒரே ஊர், ஒரே குடும்பம். டொராண்டோவுக்குப் போனவருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது, மண்டபம் முகாமில் வந்திறங்கியவருக்குக் கிடைக்கவில்லை.

நம் சர்வகலாசாலைகளில் சமூகவியலும் பொருளாதாரமும் பயிலும் மாணவர்கள் டாக்டர் பட்டத்துக்குப் பொருள் தேடும்போது, இந்தத் திசையில் கொஞ்சம் பார்வையைத் திருப்ப வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். பர்மா பஜாரில் கடை ஒதுக்கப் பெற்றவர் யார், பெறாதவர் யார், அவர்களுக்கு ரங்கூனில் என்ன தொழில் இருந்தது, கடனாக வாங்கிய பணம் எத்தனை ஆண்டில் அடைந்தது, எத்தனை கடைகள் கைமாறின, மாமியாரும் மருமகளும் அத்தோ வண்டியில் எத்தனை மணி நேரம் நின்றார்கள் என்பனவெல்லாம் கேட்டு எழுதப்பட வேண்டியவை. 1964-இல் கப்பலிறங்கியபோது இருபது வயதாயிருந்தவருக்கு இப்போது எண்பது கடந்துவிட்டது. வாசகர்களுள் அத்தகைய குடும்பத்தினர் இருப்பின், பழைய பேரேடு, கடன் பத்திரம், கப்பல் சீட்டு, அகதி அடையாளச் சீட்டு ஆகியவை பரணில் கிடந்தால் பழைய காகிதக்காரரிடம் போட்டுவிடாமல் எடுத்துவைத்து, பெரியவர்கள் சொல்வதைத் தேதியோடு எழுதிக்கொண்டு, கேட்டு வரும் மாணவருக்குத் தயங்காமல் காட்டுங்கள்.